அம்மை வந்த தெருவில் ஒரு குப்பி

கைக்குழந்தைகளுக்கு ஊசி போடும் இடத்தில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அதற்கு ஆகும் செலவைக் குறித்துக்கொண்டு வருவது சில காலம் என் வேலையாக இருந்தது. சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. என் கணவருக்கே புரியவில்லை. அரசாங்கம் சும்மா போடுகிற ஊசிக்கு நீ போய் என்ன கணக்கு பார்க்கப் போகிறாய் என்று முதல் நாளே கேட்டார். போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் அது சும்மா, போடுகிறவர்களுக்கு இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கைபேசிக்குள் போய்விட்டார்.

நர்ஸின் அன்றைய சம்பளம், மருந்துப் பெட்டி வந்த ஆட்டோ, ஊசிக்குழாய், பஞ்சு, ஐஸ், கடைசியில் மிஞ்சிக் கொட்டப்படும் மருந்து என்று எல்லாவற்றையும் கூட்டி, வந்த குழந்தைகளால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு ஆன செலவு கிடைக்கும். நம் நாட்டைப் போன்ற நாடுகளில் தடுப்பூசியைவிட மலிவான நல்ல காரியம் அதிகம் இல்லை என்பதில் எங்கள் தொழிலில் யாருக்கும் சண்டை கிடையாது. ஒரு ஊசியின் செலவை ஒரு பக்கம் வையுங்கள். நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையின் செலவையும், வேலைக்குப் போகாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் கூலியையும் மறுபக்கம் வையுங்கள். பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. சண்டையெல்லாம் எந்த இடத்தில் வைத்துப் போடுவது என்பதில்தான். தெருத்தெருவாக அங்கன்வாடிகளுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா, இல்லை எல்லோரையும் பெரிய சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிவிடுவதா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம் என்னைப் போன்ற சிலரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது.

எனக்குக் கொடுத்த இடங்களில் ஒன்று பள்ளிக்கரணையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சதுப்பு நிலத்தை ஒட்டி இருந்த ஒரு தெரு. அங்கிருந்த அங்கன்வாடியில் புதன்கிழமைகளில் ஊசி. அஸ்தினாபுரத்தில் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கம் வந்து வேளச்சேரி பஸ் பிடித்து, மேடவாக்கம் பக்கம் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் எலும்பெல்லாம் குலுங்கப் போய்ச் சேருவேன். சீசனில் பறவை பார்க்க வருகிறவர்கள் நீள நீளமான கேமராக்களோடு அதே நிறுத்தத்தில் இறங்குவார்கள். அவர்கள் ரோட்டின் அந்தப் பக்கம் போவார்கள், நான் இந்தப் பக்கம் போவேன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. நாங்கள் பார்க்கலாம், விவரம் கேட்கலாம், எழுதலாம், நடக்கிற காரியத்தில் வாயைத் திறக்கக் கூடாது. கணக்கு எழுத வந்தவர் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது, அதை நீக்கிவிட வேண்டும். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது இயல்பாக வருகிற காரியம் அல்ல. ஆனாலும் சம்பளம் வாங்குகிறேனே என்று மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அங்கே வருகிற நர்ஸ் சேலையூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு அவரிடம் நியாயம் இருந்தது. முன்பு ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் நடுவிலும் எழுந்து நிற்க வைத்து, உங்கள் பகுதியில் ஏன் இவ்வளவு மருந்து வீணாகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை. நான் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகம் இறுகிவிடும். எனக்குக் காபி வாங்கிக் கொடுக்கும்போதுகூட, இதையும் செலவில் எழுதிக்கொள்வீர்களா என்பது போலத்தான் டம்ளரை நீட்டுவார்.

வீண் என்று அவர்கள் சொல்வது எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிற தட்டம்மை ஊசி மருந்து குப்பியில் தூளாக இருக்கும். அதில் நீரை விட்டுக் கரைத்துவிட்டால் நாலு மணி நேரம்தான். அதற்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும், அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்க முடியாது. ஒரு குப்பி ஐந்து குழந்தைகளுக்குக் காணும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்து போட்டே ஆக வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. அதே விதியை எழுதியவர்கள்தான் கூட்டத்தில் வீண் ஏன் என்றும் கேட்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட நர்ஸ் என்ன செய்வார்? ஒன்பதாம் மாதக் குழந்தை ஒன்றே ஒன்று வந்தால், இன்னும் இரண்டு பேர் வரட்டுமே என்று உட்கார வைப்பார். வராவிட்டால் சில நாள் திறப்பார், சில நாள் அடுத்த வாரம் வரச் சொல்வார்.

நான் சொல்ல வருகிற புதன்கிழமை அன்று அங்கன்வாடி காலியாக இருந்தது. வழக்கமாக நான் போகும்போதே வாசலில் செருப்புகள் கிடக்கும், உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும். அன்று டீச்சரும் ஆயாவும் சத்துணவுக்கு வந்த பிள்ளைகளும் மட்டும்தான். நர்ஸ் பெட்டியைத் திறக்காமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று டீச்சரிடம் கேட்டேன். தெருக்கோடியில் வரிசையாக ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய வீடுகள் உண்டு. அதில் ஒரு வீட்டில் சின்னப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. நர்ஸ் காலையிலேயே போய்ப் பார்த்திருக்கிறார். அவரை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தட்டம்மை மாதிரிதான் தெரிகிறது என்று மேலே போனில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அம்மை என்றால் அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவள் இருக்கும்வரை அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்கள், மாத்திரை மருந்து கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாத வீடுதான் எங்களுடையதும். ஆனால் அந்தத் தெருவில் இன்னொரு வழக்கம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. ஒரு வீட்டில் அம்மன் இறங்கினால் தெரு முழுவதும் அவளுக்கு இடமாம். பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவளை அனுப்பி வைக்கும்வரை அந்தத் தெருவில் எந்தக் குழந்தையின் உடம்பிலும் ஊசி படக் கூடாது. பட்டால் அவளுக்குக் கோபம் வரும், ஊசி போட்ட வீட்டுக்கே நேராக வந்துவிடுவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நாளில் அந்த ஊசிக்கு மதிப்பு அதிகமோ, அந்த நாளில்தான் ஒருத்தரும் வரவில்லை. தட்டம்மை ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவ மூச்சுக் காற்றே போதும். நான் எழுதிக்கொண்டிருந்த தாளிலோ இந்த நாள் படுதண்டச் செலவாகத்தான் வரப் போகிறது. நர்ஸ் சம்பளம், ஆட்டோ, ஐஸ் எல்லாம் அப்படியே இருக்க, வகுப்பதற்குக் குழந்தையே இல்லை. இந்த இடத்தை மூடிவிடலாம் என்று மேலே உள்ளவர்கள் சொல்வதற்கு இந்த மாதிரி இரண்டு புதன்கிழமைகள் போதும்.

வெயில் ஏறிய பிறகு ஒருத்தி வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கறுப்புத் துப்பட்டாவால் குழந்தையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். உள்ளே வந்ததும் கதவை ஒருக்களித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒன்பது மாதம் முடிந்த பெண் குழந்தை, கொழுகொழுவென்று, தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. எந்த வீடு என்று நான் கேட்டேன். பதில் இல்லை. திமிரோ என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர்தான் சொன்னார். வேப்பிலை கட்டிய வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒற்றைச் சுவர்தான். பெருங்குடியில் ஏதோ ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. மாமியாரிடம் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நர்ஸ் மற்ற ஊசிகளை எடுத்தார். அந்தக் குப்பிகளில் மிஞ்சுவதைத் திரும்ப எடுத்துப் போகலாம், அதனால் அவற்றில் தயக்கம் இல்லை. தட்டம்மைக் குப்பியைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்தார். என் மடியில் தாள் இருந்தது, பேனா திறந்திருந்தது. குப்பியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, இதை மட்டும் அடுத்த புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்றார்.

நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அவர் திறந்திருப்பார். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. செலவைப் பார்க்க வந்த ஆள் உட்கார்ந்திருப்பதால்தான் அவர் சிக்கனம் காட்டுகிறார்.

அந்தப் பெண் கெஞ்சவில்லை. அடுத்த வாரம் தன்னால் வர முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். இந்த மாதத்துக்கு இன்னொரு நாள் லீவு போட்டால் ஏஜென்சிக்காரன் வேறு ஆளை எடுத்துவிடுவான். மாமியாரிடம் இரண்டாவது முறை ரேஷன் கடை செல்லுபடியாகாது. தண்ணீர் ஊற்றுகிறவரை காத்திருக்கலாம் என்றால், அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். நர்ஸ் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, இன்னும் இரண்டு குழந்தைகளையாவது கூட்டி வர முடிகிறதா பார்க்கலாம், எல்லா ஊசியையும் வந்து சேர்த்துப் போடுகிறேன் என்று பெட்டியை மூடிவிட்டு எழுந்தார். டீச்சரும் எழுந்தார். எனக்கு அங்கே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. தெருவில் நடப்பதும் பார்வையிடுவதுதானே என்று நானும் பின்னாலேயே போனேன்.

யாரும் எங்களைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். குழந்தையை மட்டும் தரவில்லை. தண்ணீர் ஊற்றட்டும், அப்புறம் நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம் என்பதுதான் எல்லா வீட்டிலும் பதில். கதவில் சிலுவை ஒட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்ததும் நர்ஸ் முகம் மலர்ந்தது. இவர்களுக்கு அம்மன் கிடையாதே, இங்கே கிடைத்துவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டே போனார். அந்த வீட்டுக்கார அம்மாளும் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லைதான் என்றார். ஆனால் நாளைக்கே தெருவில் இன்னொரு பிள்ளைக்கு அம்மை வந்தால், சர்ச்சுக்குப் போகிற வீட்டில் ஊசி போட்டதால்தான் வந்தது என்று பேச்சு வரும், அப்புறம் குழாயடியில் முகத்தைக் காட்ட முடியாது என்றார். தண்ணீர் ஊற்றட்டும் என்று அவரும் முடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, நர்ஸுக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை விழித்துக்கொண்டு அவள் வளையலை இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு பயப்படுகிறவள் மாமியாரை மீறி எப்படி வந்தாய் என்று கேட்டேன். மறுபடி பதில் இல்லை. பிறகு நான் பேசுவதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பி மறு காதைக் காட்டினாள்.

“இந்தாண்ட பேசுங்கக்கா. அந்தக் காது எனுக்குக் கேக்காது. சின்ன வயசுல அம்மை வந்து, சீழ் புட்சிகினு பூட்ச்சு. தண்ணி ஊத்துனாங்க, அம்மன் பூட்டா. காது வரல.”

சொல்லிவிட்டுக் குழந்தையின் காதோரத்தில் இருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அவள் அழவில்லை.

நர்ஸ் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தார். குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அத்தனை வாரங்களில் அவர் என்னிடம் வலிய வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“நீங்களே சொல்லுங்க மேடம். ஒரு கொழந்தைக்காக ஒடைக்கட்டுமா? நாளைக்கு எங்க ஆபீசர் கேட்டா நான்தான் நின்னு பதில் சொல்லணும்.”

விதிப்படி நான் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை மூடுவதா வேண்டாமா என்பது இந்த மாதிரித் தாள்களைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவாகும் என்பதும் எனக்குத் தெரியும். பேனாவை மூடினேன்.

“ஒடைங்க. ஆபீசர் கேட்டா, கணக்கு எழுத வந்தவதான் சொன்னான்னு சொல்லுங்க.”

அவர் குப்பியைத் திறந்து, நீரை விட்டு, மெதுவாக ஆட்டிக் கரைத்தார். அதன் மேல் நேரத்தை எழுதினார். நேரத்தை எழுதும்போது மட்டும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார், பழக்க தோஷம். குழந்தையின் வலது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முதலில் அதைப் போட்டார். ஊசி உள்ளே போனபோது குழந்தை சும்மா இருந்தது. எடுத்த பிறகுதான் அதற்குச் சந்தேகம் வந்து கத்த ஆரம்பித்தது. அந்த அழுகையோடேயே மற்ற ஊசிகளையும் போட்டு முடித்தார். தெருவுக்குக் கேட்டுவிடப் போகிறது என்று டீச்சர் ஓடிப்போய்ப் பிள்ளைகளைச் சத்தமாகப் பாட வைத்தார். அவர்கள் என்ன பாட்டு என்று தெரியாமல் ஆளுக்கொன்றாகப் பாடினார்கள்.

அன்றைய கணக்கை நீக்கிவிட்டார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன், நடுவில் பேசிவிட்டேன் என்று. ஆய்வுக்குப் பொறுப்பானவர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு குழந்தைக்கு அத்தனை செலவு என்று அந்த எண் உள்ளே போயிருந்தால் உங்கள் தெருவுக்குத்தான் கெட்ட பெயர், வெளியே போனதே நல்லது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நான் பார்த்த புதன்கிழமைகளிலேயே காசுக்கு ஈடான வேலை நடந்த நாள் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் சேர்க்க வழியில்லாமல் போயிற்று. இதை அவரிடமும் சொன்னேன். இருக்கலாம், ஆனால் தோன்றுவதை வைத்து வகுக்க முடியாதே என்றார்.

என் ஒப்பந்தம் முடிந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு அம்மை வந்ததா இல்லையா என்று தெரியாது. வந்தால் யாராவது சொல்வார்கள். வராத நோயைப் பற்றிச் சொல்ல யாரும் போன் செய்வதில்லை. எங்கள் தொழிலுக்கு இது ஒரு தீராத தொல்லை.

அன்று ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அவளை உட்கார வைத்திருந்தோம். குழந்தை அழுது ஓய்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. மேஜை மேல் குப்பி இருந்தது. மருந்து பெரும்பாலும் அப்படியே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை யாருக்குப் போடுவீர்கள் என்று நர்ஸிடம் கேட்டாள். யாரும் வராவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான், எடுத்து வைத்தால் கெட்டுவிடும் என்றார் நர்ஸ். கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னார்.

நான் அந்தச் சலிப்பை அவள் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். உன்னால் மருந்து வீணாயிற்று என்று அவள் காதில் விழுந்திருக்கக் கூடும். அவள் நர்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இத்த எம்பொண்ணுக்குன்னே ஒடைச்சீங்களா? முழு பாட்டிலும் இவளுக்கா?”

நர்ஸ் ஆமாம் என்றார். அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கல்யாண வீட்டில் தனியாகக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்கார வைத்தால் வருமே, அந்த மாதிரி. அவளுக்காக யாரும் எதையும் முழுசாகத் திறந்ததில்லை என்று எனக்குப் பட்டது. அந்த நான்கு பங்கு மருந்தை வீண் என்ற சொல்லால் எழுதி எழுதிப் பழகிய கை என்னுடையது.

குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். இதை வீட்டில் ஒருத்தரிடமும் சொல்ல முடியாது என்றாள். மாமியார் கேட்டால் ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை, அவ்வளவுதான். கதவைத் திறந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினாள். நான் வாசலில் நின்றேன். வேப்பிலை கட்டிய வீட்டை நெருங்குகிறவரை அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை அந்தக் குழந்தையிடமே சொல்லிக்கொண்டு போனாள்.

“ஒனக்கோசரம் ஒரு முழு பாட்டிலு ஒடைச்சாங்கடி. ஒனக்கு மட்டும். தெர்தா?”